வெனிஸுக்கு முதல்முறை ஜோடியாகப் போகிறீர்களா? விசா முதல் கடைசிப் படகு வரை ஒரு முழு வழிகாட்டி

வெனிஸ் போய்வந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஒருவர் "ஒரே கூட்டம், யானை விலை குதிரை விலை, படம் எடுத்ததோடு சரி" என்பார். இன்னொருவர் "இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்று ஏங்குவார். முதலாமவர் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு ரயிலில் வந்து இறங்கி, மாலை ஐந்து மணி ரயிலைப் பிடித்தவராக இருப்பார். மற்றவர் வெனிஸ் தீவுக்குள்ளேயே அறை எடுத்து இரவு தங்கியவர்.

நான் இங்கே சொல்லப்போவது எல்லாமே இந்த வித்தியாசத்தை ஒட்டித்தான். மூன்று இரவு தீவுக்குள்ளேயே தங்குங்கள். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை ஊரைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அதிகாலையையும் இரவையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இப்போது 50,000 பேருக்கும் குறைவு. பகல்நேரப் பயணிகள் கிளம்பிப் போனதும் ஊர் எவ்வளவு காலியாகிவிடும் என்பதை இதை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் போவது

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்களில் வெயிலும் குளிரும் அளவாக இருக்கும். அறை வாடகை மட்டும் அளவாக இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தொடும். நம் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வெயில் இல்லைதான். ஆனால் ஊரைச் சூழ்ந்த உப்பங்கழியின் புழுக்கமும் கொசுவும் சேர்ந்தால் காதல் கொஞ்சம் வாடிப்போகும். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் ஜூலை மூன்றாம் ஞாயிறை ஒட்டிப் போங்கள். 1575 முதல் 1577 வரை ஊரை உலுக்கிய கொள்ளைநோய் விட்டுப்போனதற்கு நன்றி சொல்லும் ரெதென்தோரே விழா அப்போதுதான் வரும். முந்தின நாள் சனிக்கிழமை இரவு வாணவேடிக்கை. ஊர்க்காரர்கள் படகுகளிலேயே சாப்பாட்டு மேசை போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

முகமூடி கார்னிவல் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில், அநேகமாக பிப்ரவரியில், நடக்கும். பார்க்க அழகு, ஆனால் முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னச் சின்னச் சந்துகளில் போலீஸ் ஒருவழிப்பாதை போடும் அளவுக்குக் கூட்டம் சேரும்.

கூட்டம் பிடிக்காத ஜோடி என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதி. மூடுபனி, குறைந்த வாடகை, சீக்கிரம் இருட்டும் மாலைகள். கூடவே 'அக்வா ஆல்தா' என்னும் கடல்நீர் ஏற்றமும் வரலாம். 1966 நவம்பரில் நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12 அன்று 187. ஆனால் 2020 அக்டோபரிலிருந்து மோசே என்னும் தடுப்பு இயங்குகிறது. உப்பங்கழியின் மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளைப் பெரிய ஓதம் வரும்போது எழுப்பிவிடுகிறார்கள். ஆகவே முன்புபோல் பயப்பட வேண்டியதில்லை. ஊரிலேயே தாழ்வான சான் மார்கோ சதுக்கம் மட்டும் சில நாள் சில மணி நேரம் நனையும். அப்போது நடக்கப் பலகைமேடை போடுவார்கள்.

விசாவும் நுழைவுக் கட்டணமும்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை மாதங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள், பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இன்னும் ஏறாவிட்டால், திருமணப் பதிவுச் சான்றிதழ் நகலைச் சேர்த்து வைப்பது நல்லது.

வெனிஸுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரப் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வருஷம் முழுக்க அல்ல. வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். 2025இல் 54 நாட்கள். காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை உள்ளே வருபவர்களுக்கு முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. தீவில் இரவு தங்குகிறவர்களுக்கு இது கிடையாது. ஆனால் "எனக்கு விலக்கு உண்டு" என்று நகராட்சி இணையதளத்தில் பதிந்து கியூஆர் கோடு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு ரயில் நிலைய வாசலில் விழிப்பார்கள். உங்கள் தேதி அந்தப் பட்டியலில் வருகிறதா என்று டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். தங்குகிறவர்கள் ஹோட்டலில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு நகர வரி கட்டுவார்கள். அறை வாடகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

எங்கே தங்குவது

பட்ஜெட்டில் எங்கே இழுத்துப் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள். மெஸ்த்ரேயில் அறை மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மெஸ்த்ரே தரைமேல் இருக்கும் சாதாரண ஊர். இரவுச் சாப்பாடு முடிந்து, தெருவில் உங்கள் இருவரின் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிற நேரத்தில் கடைசி ரயிலுக்கு மணி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று இரவு மெஸ்த்ரேயா, இரண்டு இரவு தீவா என்றால் இரண்டு இரவு தீவுதான்.

தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. சான் மார்கோ வட்டாரத்தில் அறை எடுக்க வேண்டாம். விலை அதிகம், பகலெல்லாம் வாசலில் கூட்டம். என் முதல் தேர்வு கன்னரேஜோவின் வடபகுதி. நீளமான நேர்க்கால்வாய்கள், அவற்றின் கரையோரம் மாலையில் விளக்கேற்றி மேசை போடும் சின்னக் கடைகள், துணி காயும் கொடிகள். 1516இல் யூதர்களை ஒதுக்கி வைத்த, உலகின் முதல் கெட்டோவும் இங்கேதான். அடுத்தது தோர்சொதூரோ. அக்காதெமியா ஓவியக்கூடமும், தெற்குக் கரையில் வெயில் காயும் சாத்தெரே நடைபாதையும், மாணவர்கள் நிறைந்த சாந்தா மார்கெரிதா முற்றமும் இருக்கும் பகுதி. கஸ்தெல்லோவின் கிழக்குப் பக்கம் இன்னும் அமைதி. பாட்டிமார்கள் காய்கறிப் பையோடு நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து தூரம்.

முன்பதிவு செய்யும்முன் ஹோட்டலிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அருகிலுள்ள படகு நிறுத்தம் எது? அங்கிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்? லிஃப்ட் உண்டா? ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு ஏறி இறங்குவது. 23 கிலோ பெட்டியை நாலு பாலம் தூக்கினால் ஹனிமூனின் முதல் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியோடு போவது எல்லாவற்றையும்விட மேல்.

முகவரியும் விசித்திரம். தெருவுக்கு ஓர் எண் வரிசை கிடையாது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசை. "கன்னரேஜோ 3400" என்று இருந்தால் எந்தச் சந்து என்று ஊர்க்காரருக்கே தெரியாது. தெருப்பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்குவது

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாக வெனிஸ் வரலாம். ரோம், பிளாரன்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ரயில்தான் வசதி. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் நாலு மணி நேரம், பிளாரன்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்க வேண்டியது வெனேசியா சாந்தா லூசியா. வெனேசியா மெஸ்த்ரே என்று முன்னால் ஒரு நிறுத்தம் வரும், அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். மெஸ்த்ரே தாண்டியதும் இருபுறமும் தண்ணீர். 1846இல் கட்டிய ரயில் பாலத்தில் வண்டி போகும். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிராண்ட் கால்வாய் ஓடும், எதிர்க்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். இந்த ஊருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

விமானத்தில் வந்தால் மார்கோ போலோ நிலையம். பாண்டிய நாட்டுக் கரையில் முத்துக்குளிப்பதையும் காயல் துறைமுகத்தையும் பற்றிச் சொல்லிவைத்த அதே மார்கோ போலோதான். 1324இல் இந்த ஊரில்தான் இறந்தார். அங்கிருந்து மலிவான வழி பஸ். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பியாசாலே ரோமா வந்துவிடும்; சக்கர வண்டிகளுக்கு அதுதான் எல்லை. அலிலகுனா என்னும் பொதுப் படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் கடல்வழியாக ஊருக்குள் நுழையலாம். தனிப் படகு டாக்சி நூறு யூரோவைத் தாண்டும். கல்யாணப் பரிசாக யாராவது பணம் கொடுத்திருந்தால் செலவழிக்கத் தகுந்த இடம்தான். படகு ஹோட்டலின் நீர்வாசல் வரை கொண்டுபோய் விடும். இல்லாவிட்டால் பஸ் போதும்.

வாப்பரெட்டோ

ஊரின் பஸ் இதுதான், படகு வடிவத்தில். ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25 யூரோ, 48க்கு 35, 72க்கு 45. ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே பாஸ் லாபம். இருவரும் 29 வயதுக்குள் என்றால் ரோலிங் வெனிஸ் என்ற இளைஞர் அட்டையைக் கேளுங்கள், மூன்று நாள் பாஸ் கணிசமாகக் குறையும். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் மேடையிலுள்ள கருவியில் அட்டையைக் காட்ட வேண்டும். சோதனைக்காரர்கள் வருவார்கள், அபராதம் கடுமை.

1ஆம் எண் கிராண்ட் கால்வாய் நெடுக எல்லா நிறுத்தத்திலும் நின்று நிதானமாகப் போகும். 2ஆம் எண் கொஞ்சம் வேகம். 4.1, 4.2, 5.1, 5.2 எல்லாம் தீவைச் சுற்றி வருபவை. 12 புரானோ பக்கம்.

முதல் நாள் இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி வாக்கில் பியாசாலே ரோமா நிறுத்தத்துக்குப் போய் 1ஆம் எண்ணில் ஏறுங்கள். தொடக்கத்திலேயே ஏறினால் வெளிப்புற இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். சான் மார்கோ வரை முக்கால் மணி நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகுப் பணியாள் தடித்த கயிற்றை மேடையின் இரும்புக் குமிழில் சுழற்றி ஒரு முடிச்சுப் போடுவார். கயிறு இறுகி முனகும், படகு மேடையில் இடித்து அசையும், கம்பிக் கதவு சரக்கென்று திறக்கும். இடப்பக்கம் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1883இல் இறந்த வென்த்ராமின் கலெர்ஜி மாளிகை, அப்புறம் சரிகை வேலைபோல் கல் செதுக்கிய கா தோரோ. ரியால்டோ பாலத்தின் அடியில் நுழைந்து, பெரிய வளைவு திரும்பி, அக்காதெமியா மரப்பாலம் தாண்டினால் வலப்பக்கம் சலூதே தேவாலயத்தின் வெள்ளைக் குவிமாடம். மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். விளக்கெரியும் அறைகளில் வண்ணம் தீட்டிய கூரைகளும் கண்ணாடிச் சரவிளக்கும் தெரியும். பகலில் இதில் ஒன்றும் தெரியாது.

ஊருக்குள் நடப்பது

கூகுள் மேப் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் ஒடுங்கிய சந்துகளில் புள்ளி தத்தளிக்கும். சுவர் மூலைகளில் மஞ்சள் பலகைகள் இருக்கின்றன: பெர் ரியால்டோ, பெர் சான் மார்கோ, ரயில் நிலையத்துக்கு அல்லா ஃபெரோவியா. அவற்றைப் பிடித்துக்கொண்டால் எங்கிருந்தும் வெளியே வந்துவிடலாம். சில சந்துகள் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரில் முடியும். மேப் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இரண்டு போனில் இரண்டு வழி காட்டினால் என்ன ஆகும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே வலப்பக்கமாக ஒதுங்கி நடங்கள். பாலத்தின் உச்சியில் நின்று பத்து செல்ஃபி எடுக்காதீர்கள். சான் மார்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, புறாவுக்குத் தீனி போடுவது, கால்வாயில் இறங்குவது எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. பாலத்தில் காதல் பூட்டும் வேண்டாம், நகராட்சி வெட்டி எடுத்துவிடும். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை. முற்றங்களில் ஓயாமல் ஒழுகும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர்தான் வருகிறது.

சான் மார்கோ

ஒரு நாள் ஆறரைக்கு எழுந்து போங்கள். ஏழு மணிக்கு அந்தச் சதுக்கத்தில் துப்புரவுப் பணியாளர்களும் புறாக்களும் மணமக்களைப் படமெடுக்க வந்த ஓரிரு புகைப்படக்காரர்களும்தான் இருப்பார்கள். நீங்களும் வேண்டியமட்டும் படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு, அந்தக் காலத்தில் வெனிஸை ஆண்ட தோஜேக்களின் அரண்மனை திறக்கும்போது முதல் ஆளாக நிற்கலாம்.

தோஜே அரண்மனைக்கும் பக்கத்திலுள்ள சான் மார்கோ பசிலிக்கா தேவாலயத்துக்கும் இணையத்தில் நேரம் குறித்த டிக்கெட் எடுத்துவிடுங்கள். அரண்மனைக்கு ஒரு மாதம் முன்பே எடுத்தால் விலையும் குறைவு. பசிலிக்காவுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பையோடு விடமாட்டார்கள். மாற்கு புனிதரின் எச்சங்களை 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸ் வணிகர்கள் பன்றி இறைச்சிக்கு அடியில் ஒளித்துக் கடத்தி வந்தார்கள் என்பது ஊர்க்கதை. முகப்பின் பொன் மொசைக்கிலும் அதைப் பெருமையாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். மாடியேறினால் 1204இல் கான்ஸ்டான்டிநோபிளில் கொள்ளையடித்து வந்த நான்கு வெண்கலக் குதிரைகள். வெளியே நிற்பவை நகல், உள்ளே இருப்பவைதான் அசல். அந்த மாடத்தில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதற்காகவே கூடுதல் டிக்கெட் எடுக்கலாம்.

மணிக்கூண்டு 1902இல் இடிந்து விழுந்து 1912இல் மறுபடி கட்டியது. அதில் ஏற வரிசையில் நிற்காதீர்கள். எதிரே தண்ணீருக்கு அக்கரையில் சான் ஜோர்ஜோ மஜோரே தீவு இருக்கிறது, சான் சக்கரியா நிறுத்தத்தில் 2ஆம் எண் ஏறினால் சில நிமிடம். அங்குள்ள மணிக்கூண்டிலும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு, அங்கிருந்து பார்த்தால் சான் மார்கோவே காட்சிக்குள் வந்துவிடும்.

பெருமூச்சுப் பாலத்தின் அடியில் முத்தமிட்டால் காதல் நிலைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது அரண்மனையின் விசாரணை அறைகளிலிருந்து சிறைக்குக் கைதிகளை நடத்திப்போன பாலம். முத்தமிடுவது உங்கள் இஷ்டம்.

பதினொன்றுக்குள் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். மதியம் ஓவியம் பார்க்கலாம். ஃப்ராரி தேவாலயத்தில் தீசியானோ 1518இல் முடித்த மாதாவின் விண்ணேற்பு, அதற்குப் பின்னாலேயே சான் ரோக்கோ மண்டபத்தில் தின்தொரெத்தோ கூரையெல்லாம் நிரப்பிய படங்கள். கழுத்து வலிக்காமல் பார்க்க அங்கே கைக்கண்ணாடி கொடுப்பார்கள். இருவரில் ஒருவருக்கு ஓவியம் சலிக்கும் என்றால் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் தூக்கம். இரவு விழித்திருக்க அது தேவை.

கொண்டோலா படகு: ஏறலாமா வேண்டாமா

ஏறுங்கள். முதல் பயணத்தில் இதைத் தவிர்த்துவிட்டு வந்து வருஷக்கணக்கில் பேச்சு வாங்குவதைவிடக் காசு கொடுப்பது மேல். ஆனால் விவரமாக ஏறுங்கள்.

கட்டணம் 2023 நவம்பரிலிருந்து நகராட்சி நிர்ணயித்தது: பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் வேறு ஜோடியோடு பங்கு போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் காசு மிஞ்சும், தனிமை போய்விடும். பாட்டு வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பாடுபவர் வேறு ஆள், பெரும்பாலும் பாடுவதும் நாப்போலிப் பாட்டு. நான் சேர்க்க மாட்டேன்.

நேரம் முக்கியம். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். ஆறு மணிக்கு ஏறினால் சாய்ந்த வெயிலும் கிடைக்கும், பகல் கட்டணமும்தான். அக்டோபரில் ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அப்போது ஐந்தரை சரி.

எங்கே ஏறுவது என்பது அதைவிட முக்கியம். சான் மார்கோ முன்னால் ஏறினால் பாதி நேரம் திறந்த நீரில், வாப்பரெட்டோ கிளப்பும் அலையில் ஆடிக்கொண்டிருப்பீர்கள். சான் தொமா, சான் பர்னபா போன்ற உள்பக்கத் துறைகளில் ஏறுங்கள். ஏறும் முன்பே மூன்றையும் பேசிவிடுங்கள்: எத்தனை நிமிடம், எவ்வளவு, எந்தக் கால்வாய்கள். சிறு கால்வாய்களே வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்பார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் படகைக் கவனியுங்கள். சுமார் 11 மீட்டர் நீளம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். படகோட்டி பின்னால் நின்று ஒரே துடுப்பை வலப்பக்கம் மட்டுமே போடுகிறார்; படகு கோணலாக இருப்பதால்தான் வட்டமடிக்காமல் நேராகப் போகிறது. துடுப்பு தங்கும் வளைந்த மரத்துண்டுக்கு ஃபோர்கொலா என்று பெயர். அதன் ஒவ்வொரு வளைவில் வைத்தால் ஒவ்வொரு விதமாகப் படகு நகரும்: முன்னால், பின்னால், திருப்பம், நிறுத்தம். ஒடுங்கிய இடங்களில் அவர் ஒரு காலை நீட்டிச் சுவரை உதைத்துத் தள்ளுவார். மூலை திரும்பும்முன் "ஓஏ" என்று குரல் கொடுப்பார், அதுதான் ஹாரன். சான் த்ரொவாசோ பக்கம் போனால் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசும் பழைய பட்டறையை எதிர்க்கரையிலிருந்து இலவசமாகவே பார்க்கலாம்.

90 யூரோ நிஜமாகவே முடியாது என்றால் திரகெத்தோ இருக்கிறது. பாலமில்லாத இடத்தில் கிராண்ட் கால்வாயைக் கடத்திவிடும் பெரிய கொண்டோலா, இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். சாந்தா சோஃபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்குக் கடக்க ஆளுக்கு 2 யூரோ. ஊர்க்காரர்கள் கையில் கூடையோடு நின்றுகொண்டே போவார்கள். நீங்களும் நின்று பாருங்கள், துணையின் தோளைப் பிடித்துக்கொள்ள நல்ல சாக்கு.

சாப்பாடு

படம் போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடும் ஆள் இரண்டும் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் மாலையில் போவது பாக்கரோ என்னும் சின்ன மதுக்கடைகளுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி என்று துண்டு ரொட்டிமேல் ஏதாவது வைத்து அடுக்கியிருப்பார்கள், ஒன்றின் விலை இரண்டு, மூன்று யூரோ. விரலால் காட்டி நாலைந்து வாங்கி, நின்றுகொண்டே அல்லது கால்வாய்க் கரையில் சாப்பிட வேண்டியதுதான். ஒரு கடையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் அதுவே இரவுச் சாப்பாடு. கன்னரேஜோவில் மிசெரிகோர்தியா, ஒர்மெசினி கரைகள் இதற்கு ஏற்றவை. கூட ஒரு ஸ்ப்ரிட்ஸ். மது தொடாதவர்கள் குரோதினோ கேளுங்கள். அதே ஆரஞ்சு நிறம், அதே லேசான கசப்பு, மது கிடையாது.

மீன் சாப்பிடுகிறவர்கள் இரண்டைத் தவறவிடக் கூடாது. ஒன்று கருவாட்டு மீனை எண்ணெயில் வெண்ணெய் போல அடித்த பாக்கலா மன்தெகாதோ. மற்றது சார்தே இன் சாஓர். பொரித்த மத்தி, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டை எல்லாம் அடுக்கி ஊறவைத்தது. முதல்நாள் மீன்குழம்பு மறுநாள் கூடுதலாக ருசிக்குமே, இதுவும் அப்படித்தான், அன்றன்றைக்குச் சாப்பிடுவதில்லை.

சைவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பார்வைக்குச் சைவமாகத் தெரிவதில் மீன் ஒளிந்திருக்கும். மொசரெல்லா இன் கரோத்சா என்ற பொரித்த சீஸ் சாண்ட்விச்சுக்குள் இந்த ஊரில் நெத்திலி அல்லது ஹாம் வைப்பார்கள். பிகொலி இன் சால்சா என்பது வெங்காயமும் நெத்திலியும். ரிசி எ பிசி என்னும் பட்டாணிச் சோற்றில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்று சொல்லிக் கேளுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். கூனைப்பூவின் (ஆர்டிசோக்) அடித்தட்டு, பொரித்த சுக்கினிப்பூ, கொர்கொன்சோலா சீஸ் ரொட்டி, தக்காளிப் பாஸ்தா, பீட்சா என்று பசியாற வழி நிறைய உண்டு.

பில்லில் கொபெர்தோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கும், அது வழக்கமான மேசைக் கட்டணம். டிப்ஸ் கட்டாயமில்லை. முழு மீன் ஆர்டர் செய்தால் மெனுவில் உள்ள விலை 100 கிராமுக்கா என்று பாருங்கள், அதைப் பார்க்காதவர்கள்தான் பில்லைப் பார்த்து அதிர்கிறார்கள். காபி நின்று குடித்தால் ஒன்றரை யூரோ வாக்கில் முடியும், உட்கார்ந்தால் விலை வேறு. சான் மார்கோவில் 1720 முதல் நடக்கும் ஃப்ளோரியான் காபி கடையில் இசைக்குத் தனியாகத் தலைக்கு ஒரு கட்டணம் வாங்குவார்கள். தெரிந்து போனால் வருத்தமில்லை. இரவில் சதுக்கம் காலியானபின் அங்கே வயலின் கேட்டபடி ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் குடிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ரியால்டோ சந்தைக்குக் காலையில் ஒரு நடை போய்வாருங்கள். மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது.

தீவுகள்

முரானோ, புரானோ, தோர்செல்லோ மூன்றையும் அரை நாளில் சுற்றிக்காட்டும் படகு டூர் வேண்டாம். பாஸ் கையில் இருக்கிறது, ஃபொந்தாமெந்தே நோவேயில் 12 ஏறினால் முக்கால் மணியில் புரானோ. நீலம், மஞ்சள், செம்மண் என்று வீட்டுக்கு ஒரு வர்ணம். புகைப்படத்துக்கு ஆசைப்படும் ஜோடி பிற்பகலில் போய் ஐந்து மணிக்கு மேலும் இருங்கள். டூர் படகுகள் கிளம்பியதும் பெண்கள் வாசலில் நாற்காலி போட ஆரம்பிப்பார்கள். பக்கத்திலேயே தோர்செல்லோ. வெனிஸுக்கு முன்பே ஊராக இருந்து, பின் கிட்டத்தட்ட ஆளில்லாமல் போன தீவு. 639இல் தொடங்கிய தேவாலயத்தின் பின்சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பின் மொசைக்.

முரானோவுக்கு 1291இல் கண்ணாடி உலைகளை மாற்றியதற்கு ஊரில் தீப்பிடிக்கும் பயம் ஒரு காரணம். ஹோட்டலில் "இலவசப் படகு" என்று அழைத்துப்போவது கண்ணாடி விற்கத்தான். கூச்சமில்லாமல் வெறுங்கையோடு வெளியே வரத் தெரிந்தால் போகலாம். மூன்று இரவுதான் என்றால் முரானோவை நான் விட்டுவிடுவேன்.

கிளம்பும் நாள்

பாஸ் முதல்முறை கருவியில் காட்டிய நிமிடத்திலிருந்து கணக்கு. முதல் நாள் மாலை ஏழுக்குத் தொடங்கினால் 72 மணி நேரப் பாஸ் நாலாம் நாள் மாலை ஏழு வரை ஓடும், கடைசிப் படகுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். விமான நிலைய பஸ் சாதாரண பாஸில் சேராது. வாங்கும்போதே சேர்த்துக் கேட்டால் தனியாக வாங்குவதைவிடக் குறைவு. மாலை ரயில் என்றால் பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள், அல்லது சாந்தா லூசியா நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில். விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே படகு நேரம் பார்த்து வையுங்கள். நள்ளிரவுக்குப் பின் 'N' என்ற எழுத்துப் போட்ட இரவுப் படகு மட்டும்தான், அதுவும் இடைவெளி விட்டுத்தான் வரும். பேப்பர் டிக்கெட்டில் உள்ளூர் ரயில் ஏறுகிறவர்கள் நடைமேடைக் கருவியில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள்.